முகம் தெரியாத காது

தொலைபேசியில் அப்பா பேசுகிறார். "சாப்ட்டியா?" என்கிறார். அப்பாவின் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பழைய தொலைபேசிக் கம்பி அப்பாவின் அடிக்குரலை ஒருநாளும் சுமந்து வந்ததில்லை. 300 ஹெர்ட்சுக்கும் 3,400 ஹெர்ட்சுக்கும் இடைப்பட்ட ஒலிதான் அந்த வழியில் போகும். வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 தடவை அதிர்கின்றன. பெண்ணுக்கு 200-ஐ ஒட்டி வரும். இரண்டுமே 300-க்குக் கீழே. குரலின் அடித்தளத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேல்மாடிகளை மட்டும்தான் இத்தனை காலம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எப்படி அப்பா அப்பாவாகவே கேட்டார்? குரல்நாண் 120 தடவை அதிரும்போது கூடவே 240, 360, 480, 600 என்று மடங்கு மடங்காக மேலொலிகளும் எழுகின்றன. 120-ம் 240-ம் வழியில் தொலைந்தாலும் மற்றவை வந்து சேர்ந்துவிடும். அவற்றுக்கு இடையில் உள்ள சீரான தூரம் 120. அந்தக் கணக்கை நம்மைக் கேட்காமலே போட்டு, வராத அடிக்குரலை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. காதுக்கு வந்து சேராத ஒன்றை நாம் கேட்கிறோம்.

குடும்பச் சிக்கலைத் தூரத்திலிருந்து ஒருவர் கேட்டு உதவ முடியுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும். "என்ன இருந்தாலும் நேர்ல பேசற மாதிரி வருமா?" என்பவர்கள், வழியில் என்னென்ன தொலைகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். தொலைந்ததில் எது தேவைப்பட்டது, எது இடைஞ்சலாக இருந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. சிரம்பான் பட்டணத்தில் இருப்பவருக்கு மருத்துவமனையும் சமூகநல இலாகாவும் ஆலோசனை நிலையமும் எட்டும் தூரம். பகாவுக்கு அப்பால் ரொம்பின் பக்கமோ, கிம்மாஸ் போகும் வழியிலோ செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள். அதையும் விடியும் முன்பே புருஷன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார். சிரம்பானுக்குப் போய்வர ஒருநாள் சம்பளம் போகும். ஏன் போனாய் என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு பதிலும் தயாராக வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தோட்டத்தில் பிள்ளை வளர்ப்பு ஒருகாலத்தில் ஒரு வீட்டின் சொந்த விவகாரமாக இருந்ததில்லை. அதற்குக் காரணம் ஓரளவு ரப்பர் மரம். இரவுக் குளிர்ச்சியில் மரத்தின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். வெயில் வந்து இலைகள் நீரை இழுக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கி, பால் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே வெட்டப் போனார்கள். மரத்தின் உடலியல் குழந்தையின் விடியலையும் முடிவுசெய்தது. தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடினாள். ஒரே ஆயா லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துக்கொண்டார். தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்கவேண்டும் என்று 1990-இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டமும் சொல்கிறது. கொட்டகைக்கு வெளியே பெரியம்மாக்களும் சித்திகளும் இருந்தார்கள். கோயில் பூசாரிக்கும் கிராணி வீட்டு அம்மாவுக்கும்கூட எந்தப் பிள்ளையையும் அதட்டும் உரிமை இருந்தது.

கண்காணிக்க இத்தனை பேர் இருந்த இடத்தில், மனதில் இருப்பதை இறக்கி வைக்க ஒருவர் இருந்தாரா? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. இங்கே விழுகிற அடி அங்கே கேட்கும். மறுநாள் குழாயடியில் அதற்கு விளக்கவுரையும் நடக்கும். மகன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான், புருஷன் குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கிறார், மகள் யாருடனோ போனில் பேசுகிறாள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். யாரிடமும் சொல்லத்தான் முடியாது. சொல்ல வேண்டுமானால் தெரியாதவர் ஒருவர் வேண்டும். தோட்டத்தில் கிடைக்காத சரக்கு அது ஒன்றுதான்.

தோட்டங்கள் கை மாறின, துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் செனவாங் தொழிற்சாலைகளுக்கும் நீலாய் பக்கத்து மலிவு வீடுகளுக்கும் நகர்ந்தன. லாபு, பிராட்வால், கெடிஸ், சுவா பெத்தோங் என்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில் தோட்டப் பெயர்கள் இன்னும் நிற்கின்றன. ஆயாவும் பெரியம்மாவும் பின்தங்கிவிட்டார்கள். "வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்" என்ற பயம் மட்டும் லாரியில் சாமான்களோடு ஏறி அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தது.

தெரியாதவரிடம் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு என்பது 1953-இல் லண்டனில் ஒரு தேவாலயத்துத் தொலைபேசியிலிருந்து வளர்ந்தது. சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் தம்மைக் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூட்டம் கூடிவிட்டது. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் சாதாரண ஆட்கள் சிலரை வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார்: பலர் தேநீர் கொடுத்தவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சமாரிட்டன்ஸ் அமைப்பு அந்தத் தேநீர்க்காரர்களை வைத்துக் கட்டப்பட்டது. அதே முறையில் 1970-இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ், 1974-இல் இலங்கையில் சுமித்ரயோ, 1986-இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் சிநேகா என்று கிளைத்தது. பிஃப்ரெண்டர்ஸுக்குச் சிரம்பானிலும் ஒரு கிளை உண்டு. கோலாலம்பூர் லைனில் தமிழ் பேசுகிற தொண்டர்களும் இருக்கிறார்கள். நாம் கூப்பிடும் நேரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

தேநீர் கொடுத்தவரிடம் ஏன் மனம் திறக்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் இணையப் பேச்சை ஆராய்ந்து ஒரு விளக்கம் எழுதினார். நான் யார் என்று எதிராளிக்குத் தெரியாது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகம் சுளிப்பதை நானும் பார்க்கவில்லை. நாளைக்குக் கடையில் எதிர்ப்படப் போவதும் இல்லை. இவை சேர்ந்தால் நாக்கின் பூட்டு கழன்றுவிடுகிறது என்றார். முகநூலில் கண்டபடி ஏச வைப்பதும் இதே கழன்ற பூட்டுதான். ஏசுகிறவனுக்கும் அழுகிறவளுக்கும் சாவி ஒன்று.

சரி, பேசுகிறவருக்கு வசதி. கேட்கிறவருக்கு முகம் தெரியாமல் என்ன புரியும்? இங்கேதான் ஆய்வுகள் எதிர்பாராத பக்கம் திரும்புகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஸ் 2017-இல் ஐந்து சோதனைகளின் முடிவை வெளியிட்டார். 1,772 பேர் பங்கெடுத்தவை. மற்றவரின் மனநிலையைக் குரலை மட்டும் கேட்டுக் கணித்தவர்கள், முகத்தையும் பார்த்துக் குரலையும் கேட்டவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். ஒரு சோதனையில் ஒரே அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பேச வைத்தார்கள். இருட்டில் பேசியவர்கள்தான் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். முகத்தைச் சமாளிக்க நாம் சிறுவயதிலிருந்தே பழகியவர்கள். உறவுக்காரர் கல்யாணத்தில் உள்ளுக்குள் எரிந்துகொண்டே சிரிக்கத் தெரியாத தமிழர் உண்டா? குரலை அப்படி அடக்கத் தெரியாது. அது இழையும், வறளும், ஓர் எழுத்தில் தடுக்கும். கேட்கிறவருக்கும் கண்ணுக்கு வேலை இல்லாதபோது காதின் கவனம் கூடுகிறது.

குரல் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதற்கு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் செய்த சோதனையைச் சொல்லவேண்டும். 7 முதல் 12 வயது வரையிலான 61 சிறுமிகள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அவர்களைப் பேச்சுக் கொடுக்க வைத்தார்கள், மனக்கணக்குப் போட வைத்தார்கள். எல்லாருக்கும் படபடப்பு; கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியது. அடுத்து ஒரு பகுதிச் சிறுமிகளை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். இன்னொரு பகுதியிடம் அம்மா தொலைபேசியில் பேசினார். மூன்றாம் பகுதி ஒரு படம் பார்த்தது. தொலைபேசியில் அம்மா குரலைக் கேட்ட சிறுமிகளுக்கு, அணைப்புப் பெற்றவர்களுக்கு நிகராக ஆக்சிடோசின் சுரந்தது, கார்ட்டிசாலும் இறங்கியது. இது 2010. இரண்டு ஆண்டு கழித்து இதே சோதனையில் அம்மாக்களை எழுத்துச் செய்தி அனுப்ப வைத்துப் பார்த்தார்கள். எழுத்துச் செய்தி வாங்கிய சிறுமிகளின் ஹார்மோன்கள், அம்மாவின் தொடர்பே கிடைக்காதவர்களைப் போலவே இருந்தன. ஆறுதல் சொல்லில் இல்லை, சொல்லைச் சுமந்த குரலில் இருந்தது. ஆஸ்ராமாவில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குப் புலனத்தில் "மக்கான் ஆச்சா" என்று தட்டிவிட்டு ஓர் இதயப் படமும் அனுப்பித் திருப்திப்படும் பெற்றோர், அடுத்த முறை இரண்டு நிமிடம் கூப்பிட்டே பேசலாம்.

குரல் போதும் என்றால் காணொலி எதற்கு என்று கேட்கலாம். உண்மையில் காணொலிக்கு ஒரு தனி வில்லங்கம் இருக்கிறது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளி மிகமிகச் சின்னது. உலகின் பத்து மொழிகளை எடுத்து 2009-இல் அளந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி ஏறத்தாழ வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவர மூளைக்கு அதைப்போல மூன்று பங்கு நேரம் பிடிக்கும். ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் எங்கே முடிப்பார் என்று தாளம் பார்த்து, நம் பதிலை நாம் உள்ளே கட்டத் தொடங்கிவிடுகிறோம். காணொலி அந்தத் தாளத்தைக் கெடுக்கிறது. நேரில் சராசரி 135 மில்லிவினாடியாக இருந்த இடைவெளி ஜூமில் 487 ஆனதாக ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. இணைப்பின் தாமதம் அதில் சிறு பகுதிதான். மீதி, தாளம் பிசகிய மூளையின் தடுமாற்றம்.

இதில் விபரீதம் என்னவென்றால், அந்தத் தாமதத்துக்கு நாம் கம்பியைக் குற்றம் சொல்வதில்லை, ஆளைத்தான் சொல்கிறோம். 2014-இல் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனையில், ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலான தாமதத்தோடு பேசவைத்தபோது, மறுமுனையில் இருப்பவர் கவனமில்லாதவர், அன்பில்லாதவர் என்று மதிப்பிட்டார்கள். பிள்ளையைக் கை நீட்டி அடித்ததைப் பற்றி ஒரு தாய் முதல் தடவையாக வாய் திறக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு வினாடி மௌனம். ஆலோசகர் முகம் சுளிக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். உண்மையில் சுளித்தது செம்பனை மரம். ஈரம் நிறைந்த மட்டைகளும் அடிமரங்களும் வானொலி அலைகளை உறிஞ்சும், சிதறடிக்கும். ஓங்கி வளர்ந்த வரிசைகளுக்கு நடுவே, மேடும் பள்ளமுமான நிலத்தில், கோபுரத்திலிருந்து வரும் அலை இளைத்துப்போய்த்தான் சேரும்.

மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி சேவையை மூடி, ஜெண்டேலா திட்டத்தில் 4ஜியை விரித்தார்கள். 4ஜி வழிப் பேச்சில் 50 ஹெர்ட்சிலிருந்து 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரமுடியும். அப்பாவின் அடிக்குரல் இப்போது நிஜமாகவே வந்து சேருகிறது, சிக்னல் இருக்கிற இடத்தில். சிக்னல் சரியில்லாத இடத்தில் தூரத்து ஆலோசனை பெறுகிறவருக்கு என் யோசனை ஒன்றே: தயங்காமல் கேமராவை அணையுங்கள். பெரிதாக எதையும் இழக்கமாட்டீர்கள் என்பதைத்தான் மேலே கண்ட ஆய்வுகள் சொல்கின்றன. ஆலோசகருக்கும் ஒன்று சொல்லலாம். நம் ஊரில் கதை கேட்கிறவர் "ம்" கொட்டாவிட்டால் கதை சொல்கிறவர் நிறுத்திவிடுவார். தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? "ம்" கொட்டத்தான் வேண்டும்.

மொழி இன்னொரு கம்பி. துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை வைத்து 2003-இல் பாஸ்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. விரலில் மின்வாய் பொருத்தி, தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். கெட்ட வார்த்தைகள், சாதாரண வார்த்தைகள், கூடவே சின்ன வயதில் பெரியவர்கள் திட்டும் வசவுகள். அந்த வசவுகளை ஆங்கிலத்தில் கேட்டபோது தோல் அதிகம் அசையவில்லை. தாய்மொழி வசவைக் கேட்டதும், வளர்ந்து படித்து வேலையில் இருக்கிற ஆட்களின் தோல் சட்டென்று வியர்த்தது. அம்மாவின் அதட்டல் காதோடு நிற்பதில்லை, தோலில் பதிவாகிறது.

சிரம்பான் வட்டாரத்தில் தமிழில் வளர்ந்த ஒருவர் ஆலோசகரிடம் மலாயில் பேச நேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. "அப்பா என்னை அடிப்பார்" என்பதை மலாயில் சொல்லும்போது நெஞ்சு அவ்வளவு அடைக்காது. வெட்கம் சற்றுத் தள்ளி நிற்கும். ஆனால் புண் இருக்கிற இடத்தை அந்த மொழி தொடாது. "நாசமாப் போறவனே" என்று அம்மா சொன்னதை மலாயில் எப்படிச் சொன்னாலும், அது அம்மா சொன்னதாக இருக்காது. முதல் இரண்டு சந்திப்பு எந்த மொழியிலும் நடக்கட்டும். பிள்ளையோடு தமிழில் சண்டை போடுகிற வீட்டுக்குத் தமிழில் கேட்கிற காது ஒருநாள் வேண்டியிருக்கும். தூரத்து ஆலோசனையின் பெரிய வரம் இங்கேதான் எனக்குத் தெரிகிறது: கிம்மாஸிலும் ரொம்பினிலும் தமிழ் ஆலோசகரை உட்கார வைக்க முடியாது, ஆனால் கிள்ளானில் இருக்கும் ஒருவர் இரண்டு இடத்துக்கும் கேட்கமுடியும்.

இதுவரை சொன்னது ஆறுதல். பிள்ளை வளர்ப்பில் ஆறுதலோடு வித்தையும் வேண்டும். அந்த வித்தையையும் கம்பி வழியே அனுப்பலாம் என்பதுதான் இந்தத் துறையின் ஆச்சரியமான பகுதி.

முதலில் நோய். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் வீடு வீடாக ஆய்வாளர்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் நொடிக்கு நொடி என்ன செய்கிறார்கள் என்று குறிக்க வைத்தார். கண்டது இது. அம்மா ஒன்று சொல்கிறாள்; பிள்ளை சிணுங்குகிறது. அம்மா குரலை உயர்த்துகிறாள், பிள்ளை கத்துகிறது. அலுத்துப்போய் அம்மா விட்டுவிடுகிறாள்; உடனே வீடு அமைதியாகிறது. அந்த அமைதி இருவருக்குமே பரிசு. கத்தினால் ஆகும் என்று பிள்ளை கற்கிறது. விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா கற்கிறாள். அடுத்த நாள் சண்டை இன்னும் ஒரு படி மேலே தொடங்கும். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வகுப்பறையில் விளக்கினால் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பழையபடிதான். அதே ஓரிகனில் 1960-களில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் ஒரு தந்திரம் செய்தார். தாயையும் பிள்ளையையும் ஓர் அறையில் விளையாட விட்டு, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் தான் நின்றுகொண்டு, தாயின் காதில் மாட்டிய சின்னக் கருவியில் அந்தந்த நொடிக்கு வேண்டியதைச் சொன்னார். அவரிடம் பயின்ற ஷீலா ஐபெர்க் இதைப் பெற்றோர்-பிள்ளை ஊடாட்ட சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரு காதுக்கருவிதான். அப்படியானால் கண்ணாடியும் அறையும் எதற்கு? 2017-இல் ஜொனாதன் கோமரின் குழு அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தது. அடங்காத 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் 40 பேர். பாதிக் குடும்பங்கள் கிளினிக்கில், பாதி தம் வீட்டிலேயே கேமராவும் காதுக்கருவியும் வைத்து. சிகிச்சை முடிவில் வீட்டிலிருந்தவர்களில் 70 சதவீதம் தேறினார்கள். கிளினிக்கில் 55 சதவீதம். சின்ன ஆய்வு, அந்த வித்தியாசத்தை ரொம்பப் பெரிதாக்கக்கூடாது. குறையவில்லை என்பதே போதும். யோசித்தால் இதில் வியப்பும் இல்லை: பிள்ளை அடம்பிடிப்பது கிளினிக்கில் அல்லவே, வீட்டில்தானே.

அது எப்படி இருக்கும்? செனவாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பையன் தரையில் பிளாஸ்டிக் கட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறான். அம்மாவின் ஒரு காதில் இயர்போன். கைப்பேசி அரிசி டின்னில் சாய்த்து வைத்திருக்கிறது.

"என்னடா கட்ற? வீடா?" என்கிறாள் அம்மா.

"கேள்வி வேண்டாம்மா. அவன் செய்யறத அப்படியே சொல்லுங்க," என்கிறது காது.

"செகப்பு கட்டைய... நீல கட்ட மேல வைக்கிற."

"அதுதான். நல்லா இருக்கு."

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். இன்னொரு கட்டையை வைக்கிறான். அது சரிகிறது. அம்மாவின் வாய் பழக்கத்தில் திறக்கிறது.

"ஒண்ணும் சொல்லாதீங்க... அவன் கோவப்படாம திரும்ப எடுக்கிறான் பாருங்க. இப்ப பாராட்டுங்க. எதுக்குன்னு சொல்லிப் பாராட்டுங்க."

"விழுந்தாலும் அழாம திரும்ப எடுத்து வச்ச. கெட்டிக்காரன்டா."

இவ்வளவுதான். கேள்வியை நிறுத்துவதற்குக் காரணம், கேள்வி விளையாட்டின் தலைமையைப் பெரியவர் கைக்கு மாற்றிவிடும். நடப்பதை வாய்விட்டுச் சொல்வது, "உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று பிள்ளைக்குத் தெரிவிக்கும். நல்லது நடந்த நொடியில் பாராட்டினால், அடுத்து எதைச் செய்தால் அம்மாவின் கவனம் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். வீட்டுப்பாடம் நாளுக்கு ஐந்து நிமிடம் இப்படி விளையாடுவது. கட்டளை இடுவதும் கண்டிப்பும் அப்புறம்தான் வரும். இந்த ஐந்து நிமிடம் பழகிய பிறகு கண்டிப்பு முன்னைவிடச் சுலபமாகச் செல்லுபடியாகும்.

கேமராவே இல்லாமலும் முடிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பட்டணம் எட்டாத கிராமப்புறக் குடும்பங்களுக்கு மாத்யூ சாண்டர்ஸின் குழு ஒரு புத்தகத்தை அனுப்பி, வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசியது. அந்தப் பிள்ளைகளின் நடத்தை தேறியதை 1997-இல் எழுதினார்கள். தூரமும் தனிமையும் கொண்ட அந்த நிலம் நம் தோட்டத்துக்கு அண்ணன் முறை.

ஆளே இல்லாமல் முடியுமா? மலேசியாவில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் புத்ரா பல்கலைக்கழகமும் யுனிசெஃபும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நவுங்கான் காசே என்ற பெற்றோர் பயிற்சியை நடத்தின. தென்னாப்பிரிக்காவில் வேர்விட்ட திட்டம் அது. பெருந்தொற்றுக் காலத்தில் அது கைப்பேசிச் செய்தி வழியே பேசும் ஒரு சாட்போட்டாகவும் உருவெடுத்தது. நிபுணர்கள் முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்புகளை, பிள்ளையின் வயதுக்கு ஏற்ப எடுத்துத் தரும். செலவு குறைவு, தூக்கம் கிடையாது. கருவியிடம் மனம் திறப்பதும் மனிதருக்குப் புதிதல்ல. 1966-இல் ஜோசப் வெய்சன்பாம், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எலைசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். அது வெறும் சூத்திரம் என்று நன்றாகத் தெரிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனோடு தட்டச்சில் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், "நீங்கள் சற்று வெளியே போகமுடியுமா?" என்று அவரைக் கேட்டாராம். வெய்சன்பாம் அதிர்ந்துபோய்ப் பின்னாளில் கணினிக்கு எதிராகவே எழுதினார். குறிப்புக்குச் சாட்போட் போதும். ஆனால் செல்ட்சரின் எழுத்துச் செய்திச் சிறுமிகளை மறந்துவிடக்கூடாது.

இனி, தூரத்து ஆலோசனை தோற்கும் இடம். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, அரசின் 15999 தாலியான் காசே லைனுக்கு அழைப்புகள் ஏறின. அதே மாதம் மகளிர் அமைச்சு, வீட்டுச் சண்டையைத் தவிர்க்க மனைவிமார் டோரேமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சிப் பேசலாம் என்று ஒரு சுவரொட்டி போட்டு, நாடே சிரித்த பிறகு மன்னிப்புக் கேட்டது. குரலுக்கு வல்லமை உண்டு என்பது உண்மைதான். அடிக்கிற கையை அது நிறுத்தாது. அடிக்கிறவர் அடுத்த அறையில் இருக்கும்போது, நான் மேலே புகழ்ந்த எல்லாமே தலைகீழாகும். முகம் தெரியாததால் ஆலோசகருக்குக் காயம் தெரியாது. வீட்டிலேயே பேசலாம் என்ற வசதி, வீட்டைவிட்டு வெளியே வர இருந்த ஒரே சாக்கையும் பறித்துவிடும். பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தாலும் இரண்டு அறை வீட்டில் ரகசியம் பேச இடம் ஏது? பலர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார்கள். சிலர் குப்பை கொட்டப் போகும் சாக்கில். பிள்ளையைப் பற்றிய பேச்சைப் பிள்ளையே கதவோரம் நின்று கேட்பதும் நடக்கிறது.

அதனால் இந்தத் தொழிலில் முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைமை உண்டு. மலேசியாவில் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகளோடு பதிவு எண் இருக்கும். முகநூலில் விளம்பரம் செய்கிறவரிடம் அதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. 15999-ஐயோ, சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய 15555-ஐயோ கூப்பிட்டால் அந்தக் கவலை இல்லை. பேச்சு தொடங்கியதும் அவர் கேட்கவேண்டியவை: நீங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், லைன் அறுந்தால் யார் யாரைத் திரும்பக் கூப்பிடுவது, ஆபத்து என்றால் உங்கள் பக்கத்தில் யாரைக் கூப்பிடலாம். பக்கத்தில் ஆள் இருந்தால், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றிக்கொள்வார். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்கமாட்டேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவார். இவை எதையும் கேட்காமல், நேரே "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிக்கிறவராக இருந்தால், லைனை வைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிடலாம்.